இலைச் சாற்றில் நொதியைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, தேடும் புரதத்தை அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியால் அடையாளம் காணும் சோதனை) எதிர்பார்த்த இடத்தில் ஒரு பட்டை விழுந்ததும் "நொதி கிடைத்துவிட்டது" என்று நோட்டில் எழுதக் கை பரபரக்கும். செடிகளில் வேலை செய்கிறவர்கள் நிதானிக்க வேண்டியது அப்போதுதான்.

இலைச் சாற்றை ஜெல்லில் ஓட்டியவர்களுக்குத் தெரியும்: 55 கிலோடால்டனை (புரதத்தின் எடையைச் சொல்லும் அலகு) ஒட்டி ஒரு தடித்த பட்டை அக்கம்பக்கத்தையெல்லாம் நெருக்கித் தள்ளிக்கொண்டு நிற்கும். அது, ஒளிச்சேர்க்கையில் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் ருபிஸ்கோ நொதியின் பெரிய துணையலகு (நொதி சேர்ந்து அமையும் புரதச் சங்கிலிகளில் ஒன்று). இலையின் கரையும் புரதத்தில் பாதிவரைகூட ருபிஸ்கோ இருக்கலாம். நீங்கள் தேடுவது கேட்டலேஸ் என்றால் அதன் துணையலகும் ஏறத்தாழ 57தான்! இவ்வளவு புரதம் குவிந்த இடத்தில் ஆன்டிபாடி கொஞ்சம் தவறி ஒட்டினாலே பொய்ப் பட்டை பளிச்சென்று தெரியும். ஆகவே அந்த நொதியின் மரபணு முடக்கப்பட்ட செடியின் சாற்றையும் பக்கத்து லேனில் ஓட்டுங்கள். பட்டை அங்கும் மறையவில்லையா? ஆன்டிபாடி வேறெதையோ பிடிக்கிறது. அப்படிப்பட்ட செடி கிடைக்காவிட்டால் தூய்மைப்படுத்திய புரதத்தையாவது உடன் வையுங்கள். பாலிகுளோனல் (விலங்கின் சீரத்திலிருந்து எடுத்த, பலவகை கலந்த ஆன்டிபாடி) என்றால், விலங்குக்குத் தடுப்பூசி போடுமுன் எடுத்த சீரத்தையும் சோதித்துப் பாருங்கள்.

அளவு பொருந்தவில்லை என்பதற்காக நல்ல ஆன்டிபாடியைத் தூக்கிப் போடுவதும் நடக்கிறது. பசுங்கணிகத்துக்குள் போகும் பல புரதங்களின் முனைத்துண்டு உள்ளே போனதும் வெட்டப்படும். ருபிஸ்கோவின் சிறிய துணையலகு 20 கிலோடால்டன் அளவில் உருவாகி, 14 அளவுக்குக் குறைகிறது.

அரைக்கும்போது கவனம் தேவை. உறைந்த இலை உரலில் இளகிவிட்டால் சாறு கண்ணெதிரே பழுப்பாகும். பீனால்கள் ஆக்சிஜனேற்றமடைந்து புரதங்களோடு பிணைந்துகொள்ளும். திரவ நைட்ரஜன் தீருமுன் பொடியாக்கி, புரதத்தைச் சிதைக்கும் நொதிகளை நிறுத்தும் புரோட்டியேஸ் தடுப்பானும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் டிடிடியும் கலந்த பஃபரை உடனே ஊற்றுங்கள்.

ஆன்டிபாடியால் நிறமேற்றும் திசு வெட்டுகளில் இன்னொரு சிக்கல்: செடிக்கே சொந்தப் பெராக்சிடேஸ் உண்டு. ஹெச்ஆர்பி (நிறம் தரும் ஒரு பெராக்சிடேஸ் நொதி) இணைத்த ஆன்டிபாடி ஒட்டாத இடத்திலும் நிறம் வரும். முதல் ஆன்டிபாடி (தேடும் நொதியை நேரடியாகப் பிடிப்பது) சேர்க்காத வெட்டு ஒன்று கட்டாயம் வேண்டும். பஃபரில் சோடியம் அசைடு இருந்தால் ஹெச்ஆர்பி வேலையே செய்யாது.

வாடும் இலையில் ருபிஸ்கோவே குறையும். அதை லோடிங் கன்ட்ரோலாக (எல்லா லேனிலும் சம அளவு சாறு ஏறியதா என்று பார்க்கும் ஒப்பீட்டுப் புரதமாக) எடுக்காதீர்கள்.

பட்டையின் அடர்த்தியைச் செயல்திறன் என்று எழுதுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும் நைட்ரேட் ரிடக்டேஸ் நொதியைப் பாருங்கள்: விளக்கை அணைத்த சில நிமிடங்களில் அதில் பாஸ்பேட் ஏறி, 14-3-3 என்ற புரதம் ஒட்டி, நொதி முடங்கத் தொடங்கும். பிளாட்டில் பட்டை அப்படியே இருக்கும். அதே இலையின் இன்னொரு துண்டில் செயல்திறனையும் அளந்துவிடுங்கள்.