ஏசி பேன் சுற்றவில்லையா? மோட்டார் வாங்கும் முன் ஒரு 21 வாட் பல்பு வாங்குங்கள்

காந்திபுரம் சிக்னலில் நிற்கும்போது ஏசியில் வெதுவெதுவென்று காற்று வருகிறது, அவினாசி ரோட்டில் வேகமெடுத்ததும் மறுபடி குளிர்கிறது. அல்லது மேட்டுப்பாளையம் தாண்டி குன்னூர் மலையில் இரண்டாவது கியரில் ஏற ஏற, டெம்பரேச்சர் முள்ளும் கூடவே ஏறுகிறது. இரண்டிலும் முதலில் பார்க்க வேண்டியது பேன். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே போதும். நின்றாலோ மெதுவாக நகர்ந்தாலோ பேன்தான் காற்றை இழுக்க வேண்டும். இதுவே பைபாஸில் 80-ல் போகும்போது சூடேறினால் பேனைக் குறை சொல்லாதீர்கள். அது ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்பு, தெர்மோஸ்டாட் வேலை.

பழைய ஏசி வண்டிகள் பலவற்றில் ரேடியேட்டருக்கு ஒரு பேன், ஏசி கண்டன்சருக்கு (ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் வலை) ஒரு பேன். இங்கே பார்க்கப் போவது இரண்டாவதை. பெரும்பாலும் கம்ப்ரஸர் ஓடினால் இதுவும் ஓட வேண்டும். சில வண்டிகளில் ஏசி லைனில் பிரஷர் ஏறிய பிறகே ஓடும், அதனால் ஏசி போட்டு இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

தேவையானவை: மல்டிமீட்டர், 21 வாட் இண்டிகேட்டர் பல்பும் ஹோல்டரும், ஒரு மீட்டர் நீளத்தில் 4 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயர் இரண்டு, 20 ஆம்ப் பியூஸுடன் ஒரு பியூஸ் ஹோல்டர், 400 நம்பர் எமரி ஷீட். இந்த பியூஸ் ஹோல்டரை ஒரு வயரின் நடுவில் மாட்டிக்கொள்ளுங்கள். கீழே 'பியூஸ் வயர்' என்று வரும் இடமெல்லாம் அதுதான்.

கை வைப்பதற்கு முன்

சாவியை எடுத்துவிட்டாலும் சில வண்டிகளில் பேன் திடீரென்று சுற்றும். இறக்கையைத் தொடுவதென்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் தொடுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கழுத்தில் துண்டு தொங்க வேண்டாம்.

1. கையால் சுற்றிப் பாருங்கள்

தள்ளிவிட்டால் இறக்கை தடையில்லாமல் சுற்ற வேண்டும். இறுக்கமாக இருந்தாலோ கரகரவென்று உரசினாலோ உள்ளே புஷ் போய்விட்டது. அப்படி இறுகிய மோட்டார்தான் பியூஸை அடிக்கடி எரிக்கும். 20 ஆம்ப் எரிகிறதே என்று 30 போடாதீர்கள். அடுத்தது வயர்தான் எரியும்.

2. பியூஸ்

வெளியே இழுத்து மீட்டரில் கண்டினியூட்டி (உள்ளே கம்பி அறுபடாமல் இருக்கிறதா என்று) பாருங்கள், கண்ணை நம்ப வேண்டாம். பியூஸ் மாட்டும் இடத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால் அங்கே காண்டாக்ட் லூஸ். புது பியூஸ் போட்டாலும் அது தீராது, டெர்மினலை மாற்ற வேண்டும்.

3. மோட்டாருக்கு நேரடி சப்ளை

மோட்டார் கனெக்டரைக் கழற்றி, பேட்டரி பாசிட்டிவிலிருந்து பியூஸ் வயரையும் நெகட்டிவிலிருந்து மற்றதையும், மோட்டாரின் அதே பாசிட்டிவ், நெகட்டிவுக்கே கொடுங்கள். வேகமாகச் சுற்றினால் மோட்டார் நல்லது. சுற்றாவிட்டால், சப்ளை இருக்கும்போதே மோட்டார் பாடியின் பின்பக்கம் ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டுங்கள். தட்டியதும் ஓடினால் கார்பன் (மோட்டாருக்குள் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு) தேய்ந்துவிட்டது. நம் ஊரில் கார்பன் மாற்றித் தர ஆளுக்குப் பஞ்சமில்லை, முதலில் அதைக் கேளுங்கள். கரண்ட் அளக்க சாதாரண மீட்டரை நடுவில் இணைக்காதீர்கள். அது 10 ஆம்ப் வரைதான் தாங்கும், பேன் கிளம்பும்போது அதற்கு மேல் இழுக்கும்.

4. பல்பு டெஸ்ட்

நல்ல மோட்டார்கள் வீணாகக் குப்பைக்குப் போவது இங்கேதான். கனெக்டரில் மீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டும், 'சப்ளை வருது, மோட்டார்தான் அவுட்' என்று முடிவு கட்டிவிடுவார்கள். மீட்டர் கரண்ட் இழுக்காது. பச்சை பூத்து ஒரே ஒரு இழை மிஞ்சிய வயரிலும் அது 12 வோல்ட் காட்டும். 21 வாட் பல்பு ஏறக்குறைய 1.75 ஆம்ப் இழுப்பதால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஏசியை ஆன் செய்து, மோட்டாருக்கு வரும் கனெக்டரின் இரண்டு முனையிலும் பல்பை மாட்டுங்கள். பளிச்சென்று எரிந்தால் வயரிங் பெரும்பாலும் சரி. மங்கினால், பல்பின் ஒரு வயரைக் கனெக்டர் பாசிட்டிவிலேயே விட்டு மற்றதை நேராகப் பேட்டரி நெகட்டிவில் வையுங்கள். இப்போது பளிச்சென்றால் கோளாறு எர்த்தில், அதாவது வண்டி பாடி வழியாக நெகட்டிவ் போகும் இணைப்பில். பாடியில் போல்ட் போட்டிருக்கும் இடத்தைக் கழற்றி, துருவும் பெயின்டும் போக எமரியால் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். இன்னும் மங்கலாகவே இருந்தால் பாசிட்டிவ் பக்கம்: ரிலே (சின்ன கரண்டில் இயங்கி பெரிய கரண்டை ஆன் செய்யும் சுவிட்ச்), பியூஸ் ஹோல்டர், கனெக்டர் பின்.

பிறகு கனெக்டரை மோட்டாரில் மாட்டி, பேன் ஓடும்போதே பேட்டரி பாசிட்டிவுக்கும் மோட்டார் பாசிட்டிவுக்கும் இடையே மீட்டர் வையுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ வோல்டேஜ் தின்கிறது.

5. ரிலே

பல்பு எரியவே இல்லையென்றால் இங்கே வாருங்கள். நான்கு பின்னில் 85, 86 காயில். 30, 87 காண்டாக்ட். நம்பர் இல்லாத ரிலேவில் எந்த இரண்டு பின்னுக்கு நடுவில் சுமார் 60 முதல் 100 ஓம் வருகிறதோ அதுவே காயில். ரிலேவைப் பிடுங்கி, சாக்கெட்டில் காண்டாக்ட் துளைகள் இரண்டையும் பியூஸ் வயரால் இணைத்தால் பேன் ஓட வேண்டும். ஓடினால் ரிலே கெட்டிருக்கிறது, அல்லது ரிலேவுக்கு உத்தரவு வரவில்லை. அதே மாதிரி ஹாரன் ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். புது ரிலேவிலும் 'டிக்' சத்தம் வரவில்லையென்றால் பிரஷர் சுவிட்ச், ஏசி சுவிட்ச் பக்கம். கேஸ் குறைவாக இருந்தால் கம்ப்ரஸரே ஓடாது, பேனும் வராது.

'டைரக்ட் பண்ணிடலாம்' என்றால்

சம்மதிக்காதீர்கள். டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து, ரிலே இல்லாமல், பியூஸ் இல்லாமல் பேனுக்கு நேராக வயர் இழுத்துவிடுவார்கள். அந்தச் சின்ன சுவிட்ச் தாங்கும் கரண்ட் அல்ல இது. சுவிட்ச் உருகும், வயர் சூடாகும். மலையேற்றத்தில் சுவிட்ச் போட மறந்தால் இன்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கெட்டே (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல்) போகலாம். ரிலேவுக்கு ஆகும் செலவும் ஹெட் வேலைக்கு ஆகும் செலவும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடியவை அல்ல.

சுற்றுகிறது, ஆனாலும் குளிரவில்லை

மோட்டார் மாற்றிய பின் இப்படி ஆனால் வயர் மாறியிருக்கலாம். பேன் தலைகீழாகச் சுற்றி எதிர்க்காற்றோடு சண்டை போடும். கிரில் முன்னால் ஒரு செய்தித்தாள் துண்டைப் பிடியுங்கள், உள்பக்கம் இழுக்க வேண்டும். வெளியே தள்ளினால் இரண்டு வயரையும் மாற்றி மாட்டுங்கள்.

திருப்பூர், பல்லடம் பக்கம் ஓடும் வண்டிகளில் கண்டன்சர் முகத்தில் பஞ்சு படலமாக ஒட்டியிருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார்த்தூள். வெளியே சுத்தமாகத் தெரியும், டார்ச் அடித்தால் கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் கம்பளி மாதிரி அடைந்து கிடக்கும். இன்ஜின் ஆறிய பிறகு உள்பக்கமிருந்து வெளியே, சாதாரண ஹோஸ் தண்ணீரை விடுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷரை கிட்டத்தில் அடித்தால் கண்டன்சரின் மெல்லிய தகடுகள் (ஃபின்) மடங்கிப் போகும். ரேடியேட்டருக்குள் மட்டும் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், அந்த உப்பு டியூபுக்குள் படிந்து அடைத்துவிடும், கூலண்ட்தான்.

எல்லாம் மாட்டிய பின் ஏசி போட்டு 15 நிமிடம் வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஓடவிடுங்கள். ஆஃப் செய்து, ரிலேவையும் கனெக்டரையும் விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை; விரல் வைக்க முடியாமல் சுட்டால் அந்த இடத்தில் காண்டாக்ட் இன்னும் சரியாகவில்லை.