தொழிற்பிரிவுக்கு வரும் புது ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி திறந்து இரண்டாவது வாரம், பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் தொழிற்கல்வி ஆசிரியரைப் பார்க்கப் போயிருந்தேன். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் குனிந்து, ஸ்கேல் வைத்து, மாடிப்படி ஒயரிங் (ஒரே பல்பைக் கீழே ஒரு சுவிட்சாலும் மேலே ஒரு சுவிட்சாலும் போட்டு அணைப்பது) படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். போன வருடத்து அண்ணன்மார் ரெக்கார்டு நோட்டு ஒன்று பெஞ்சு பெஞ்சாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒயரிங் போர்டுகள் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தன. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ராமேஸ்வரத்தை ஒட்டிய மண்டபம் ஊர்ப் பக்கம் நான் வேலைக்குச் சேர்ந்தபோது நடத்திய வகுப்பு அச்சு அசலாக அதேதான்.

எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் பதிவு, பாடக்குறிப்பு போன்றவற்றைத் தலைமையாசிரியரே சொல்லிக்கொடுத்துவிடுவார். நான் அவற்றுக்குள் போகவில்லை.

ரெக்கார்டை முதலில் எழுதவைப்பது

இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறாது. ஏன் எல்லோரும் இதைச் செய்கிறோம் என்பதும் தெரியும். ஆய்வுக்கு வருபவர் கேட்பது ரெக்கார்டு. எழுதும்போது வகுப்பு அமைதியாக இருக்கிறது, பியூஸ் போவதில்லை, ஸ்க்ரூ தொலைவதில்லை. பிப்ரவரிக்குள் எல்லா நோட்டும் கையெழுத்தாகி அடுக்கிவைத்தால் வேலை முடிந்த மாதிரி ஒரு நிம்மதி.

என் இரண்டாவது வருடத்தில் ஒரு பையன். அப்பாவுக்கு நாட்டுப்படகு. எஞ்சின் மக்கர் செய்தால் கார்பரேட்டரைக் கழற்றித் துடைத்து மாட்டிவிடுவான். அவனுடைய ரெக்கார்டுதான் அந்த வருடம் வகுப்பிலேயே அழகு. பொதுத்தேர்வு ப்ராக்டிகலில் அவன் எடுத்த சீட்டில் வந்தது மாடிப்படி ஒயரிங். படத்தை ஐந்தே நிமிடத்தில் போட்டுவிட்டான். அப்புறம் டூ-வே சுவிட்சைக் கையில் எடுத்தான், பின்பக்கம் திருப்பினான். மூன்று ஸ்க்ரூ. என்னை நிமிர்ந்து பார்த்து, “சார், இதுல காமன் எது?” என்றான். எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) பக்கத்தில் நிற்கிறார், நான் வாய் திறக்க முடியாது. குத்துமதிப்பாக மாட்டினான். சுவிட்சை எப்படிப் போட்டாலும் ஒரே ஒரு நிலையில்தான் பல்பு எரிந்தது.

தேர்ச்சி பெற்றுவிட்டான். ஆனால், “எனக்குக் கரண்டு வேலை வராது சார்” என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தக் கைக்கு வராத வேலையா அது? இரண்டு வருடம் அவன் கையில் நான் கொடுத்தது பேனாவை மட்டும். தவறு முழுக்க என்னுடையது.

இப்போது நான் செய்வது இதுதான். முதல் வகுப்பில் நோட்டே கிடையாது. சுவிட்சைக் கையில் கொடுத்து, சீரிஸ் லாம்ப் (தொடர்பு இருந்தால் எரிந்து காட்டும் சோதனை விளக்கு) வைத்து, சுவிட்சை எந்தப் பக்கம் போட்டாலும் தொடர்பில் இருக்கிற ஸ்க்ரூ எது என்று கண்டுபிடிக்கச் சொல்வேன். அதுதான் காமன். பேஸ், அதாவது கரண்டு வரும் ஒயர், முதல் சுவிட்சின் காமனுக்கு வர வேண்டும், மற்ற இரண்டு ஸ்க்ரூவிலிருந்து இரண்டு ஒயர் அடுத்த சுவிட்சுக்குப் போக வேண்டும், அந்தச் சுவிட்சின் காமனிலிருந்து பல்புக்கு. நியூட்ரல், அதாவது கரண்டு திரும்பும் ஒயர், நேராக பல்பு ஹோல்டருக்கு. மாட்டி முடித்து நான் பார்த்த பிறகுதான் மெயினைப் போடுவேன்.

இரண்டு சுவிட்சுக்கும் சேர்த்து மொத்தம் நாலு நிலை. சரியாக மாட்டியிருந்தால் இரண்டில் எரியும், இரண்டில் அணையும். அப்புறம் மெயினை அணைத்துவிட்டு, ஒரு சுவிட்சில் மட்டும் காமனை வேண்டுமென்றே மாற்றி மாட்டச் சொல்வேன். இப்போது நாலில் ஒன்றில்தான் எரியும். ஏன் என்று, மெயினை மறுபடி அணைத்த பிறகு, பிள்ளைகளே விரலால் ஒயரைத் தொட்டுத் தொட்டுக் கண்டுபிடிப்பார்கள். அந்த ஒரு பீரியடு போதும், பிறகு மறக்காது. படம் அதற்கு மறுநாள்தான், அதையும் தான் மாட்டிய போர்டைப் பார்த்துத்தான் போட வேண்டும். பழைய ரெக்கார்டை வகுப்புக்குள் விடுவதே இல்லை.

நேரம் போதாது என்பார்கள். போதும். படத்துக்கு மூன்று நிறத்தில் ஸ்கெட்ச் அடிக்கச் சொல்வதை நிறுத்தினாலே பாதி நேரம் மிஞ்சும்.

தமிழ், ஆங்கில பீரியடைக் கடன் வாங்குவது

வாங்காதீர்கள். நம் பிள்ளைகள் தவறுவது ஒயரிங்கில் இல்லை, ஆங்கிலத் தாளில். அங்கேயும் 35 எடுத்தால்தான் தேர்ச்சி.

“மார்க் குறைவு, தொழிற்பிரிவில் போடுங்கள்”

சேர்க்கை மேசையில் இந்த வார்த்தையைப் பையன் காதுபடச் சொல்லாதீர்கள். பொறியியல் கலந்தாய்வில் 2 சதவீத இடம் தொழிற்பிரிவுக்கென்றே இருக்கிறது. பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரவும் வழி இருக்கிறது. இதைப் பெற்றவர்களிடம் சொல்லத் தோதான நாள் நம் கரையில் ஜூன் முதல் இரண்டு வாரம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பதால் விசைப்படகுக்குப் போகும் அப்பாக்கள் கரையில் இருப்பார்கள். படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பவரிடமே போய் நின்று பேசலாம். ஜூன் 15க்குப் பிறகு அம்மா மட்டும்தான் வருவார், “அவுக வந்ததும் கேட்டுச் சொல்றேன் சார்” என்பார்.

படகு வரும் காலையில் முதல் பீரியடு ப்ராக்டிகல்

ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி போய் மறுநாள் காலை கரை சேரும். செவ்வாய், வியாழன் காலையில் சில பிள்ளைகள் மீன் இறக்கிவிட்டுத்தான் வருவார்கள். ப்ராக்டிகலை மதியத்துக்கு மாற்றிக் கேளுங்கள். திட்டித் திருத்தும் விஷயமில்லை இது. ஈரக்காலோடு வருபவனைப் போர்டு பக்கம் விடாதீர்கள், ரப்பர் மேட் கட்டாயம்.

உப்புக்காற்றை மறப்பது

கோடை விடுமுறையில் பூட்டிய பீரோவைத் திறந்தால் கட்டிங் பிளேயர் வாய் திறக்காது, பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு. களிம்பேறிய முனையில் ஒயர் சரியாகப் பிடிக்காது, பல்பு விட்டுவிட்டு எரியும். பிள்ளை தான்தான் தப்பாக மாட்டிவிட்டோம் என்று நினைத்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை கடைசிப் பத்து நிமிடம் பிளேயருக்கும் ஸ்க்ரூடிரைவருக்கும் எண்ணெய்த் துணி, போர்டு முனைகளுக்கு உப்புத்தாள். துடைக்கும் முறையைப் பிள்ளைகளிடமே விடுங்கள். அந்த வேலையில் அவர்கள் வீட்டிலேயே பழகியவர்கள்.