ஜெர்மன் சைலண்ட் படம்: எதுல ஆரம்பிச்சா பிடிக்கும்?

நிறைய பேரு முதல்லயே 'மெட்ரோபோலிஸ்' போட்டு உக்காந்துடுவாங்க, ரெண்டரை மணி நேரம் ஓடுற படம், பாதியிலயே கண்ணு சொக்கி நமக்கு இதெல்லாம் செட் ஆகாதுன்னு விட்டுருவாங்க. அதைக் கடைசியா வச்சுக்கோங்க. முதல்ல முர்னாவ் 1924ல எடுத்த 'தி லாஸ்ட் லாஃப்' பாருங்க, ஒன்றரை மணி நேரம்தான்.

கதை ரொம்பச் சின்னது. பெரிய ஹோட்டல் வாசல்ல யூனிஃபார்ம் போட்டு நிக்கிற ஒரு பெரியவர், பெட்டி தூக்க முடியலன்னு அவரை டாய்லெட்ல டவல் எடுத்துக் குடுக்கிற வேலைக்கு மாத்திடுறாங்க. அந்தக் கோட்டு மேல இருக்கிற வரைக்கும் அந்தப் பெரியவரா நடிச்ச எமில் யானிங்ஸ் நெஞ்சை நிமித்தி மீசையத் தடவிக்கிட்டு ராஜா மாதிரி நடப்பாரு, கழட்டின உடனே முதுகு வளைஞ்சு ஆளே சுருங்கிடுவாரு பாருங்க, எனக்கு தொண்டை அடைச்சிருச்சு. சைலண்ட் படத்துல நடுநடுவுல எழுத்துல வர்ற வசன அட்டை இதுல கிட்டத்தட்ட கிடையவே கிடையாது, ஆனாலும் எல்லாம் புரியும். அதனால முகத்தை மட்டும் பாக்காதீங்க, முதுகையும் கையையும் பாருங்க. கேமராவையும் கவனிங்க, ஆரம்பத்துலயே லிஃப்ட்ல இறங்கி லாபியத் தாண்டி வரும், கேமராமேன் கார்ல் ஃப்ராய்ண்ட் அதை சைக்கிள்ல வச்சு எடுத்தாரு.

அடுத்து 'நோஸ்ஃபெராட்டு', 1922ல வந்த ரத்தக்காட்டேரி படம். இதுல எந்தப் பிரிண்ட் காப்பியப் பாக்குறோம்ங்கிறது ரொம்ப முக்கியம். ராத்திரி சீனைப் பகல்லயே எடுத்துட்டு பிரிண்ட்ல நீலச் சாயம் ஏத்துறது அப்போ வழக்கம், சாயம் இல்லாத காப்பில பாத்தா பட்டப்பகல்ல பேய் சவப்பெட்டியத் தூக்கிக்கிட்டு நடக்கும், பயமே வராது. நானும் முதல்ல அப்படி ஒரு காப்பியத்தான் பாத்தேன், ஒண்ணுமே தோணல. ரெஸ்டோர் பண்ணின கலர் டின்ட் வெர்ஷன் தேடிப் பாருங்க, லைட்ட அணைச்சிட்டு.

அதுக்கப்புறம் 1920ல வந்த 'தி கேபினட் ஆஃப் டாக்டர் காலிகரி', இதை செட்டை ரசிக்கவே அங்கங்க பாஸ் பண்ணிப் பாக்கலாம். கோணல் தெரு, கோணல் ஜன்னல், தரையில விழற வெளிச்சமும் நிழலும் கூட பல இடத்துல பெயிண்ட்ல வரைஞ்சதுதான்.

இவ்ளோ தூரம் வந்துட்டீங்கன்னா 'மெட்ரோபோலிஸ்' போடுங்க, ஆனா 2010 வெர்ஷன்தான். ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த படத்துல வெட்டிப்போட்ட துண்டுகள் எல்லாம் தொலைஞ்சே போச்சுன்னு நினைச்சிருந்தப்போ, 2008ல பியூனஸ் அயர்ஸ்ல ஒரு 16 எம்எம் ஃபிலிம் காப்பி கிடைச்சு, கிட்டத்தட்ட 25 நிமிஷம் திரும்பி வந்துச்சு. நடுநடுவுல படம் திடீர்னு கோடு கோடா கீறலோட மங்கலா வரும், அந்தச் சீனெல்லாம்தான் அது, தள்ளிவிடாம பாருங்க.