சர்வீஸ் மேனுவல் வாங்கும் முன் என்ஜின் நம்பரைப் பாருங்கள்

காரை வீட்டிலேயே பராமரிக்க சர்வீஸ் மேனுவல் தேடுகிறீர்களா? காரின் பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். மாருதி ஸ்விஃப்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005-ல் இந்தியாவுக்கு வந்த பெட்ரோல் ஸ்விஃப்ட்டில் 1.3 லிட்டர் ஜி13 என்ஜின், அதில் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்க டைமிங் பெல்ட். 2010-ல் அதே தோற்றத்திலேயே 1.2 லிட்டர் கே12 வந்தது, இதில் அதே வேலைக்கு டைமிங் செயின். பெல்ட்டைக் காலக்கெடு பார்த்து மாற்றியே ஆக வேண்டும். செயினுக்கு அந்தக் கணக்கு கிடையாது. ஆர்.சி.யில் என்ஜின் நம்பரின் முதல் எழுத்துகளைப் பார்த்து, அதற்கான மேனுவலையே கேளுங்கள்.

அப்புறம், வயரிங் படமும், எந்த போல்ட்டை எத்தனை நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அளவு) வரை முறுக்க வேண்டும் என்ற அட்டவணையும் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். அந்த அட்டவணை இல்லாத புத்தகத்தை நான் வாங்கவே மாட்டேன். என்ஜினின் மேல்பாகமான அலுமினிய ஹெட்டில் ஸ்பார்க் பிளக்கைக் கைக்கணக்கில் இறுக்கினால் மரையே போய்விடும்.