மூச்சுக் காப்புக் கருவி ஆராய்ச்சிக்குள் நுழைவது எப்படி?

முகக்கவசத்தில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது என்று தோன்றினால் ஒரு என்95-ஐப் பிரித்துப் பாருங்கள். நடு அடுக்கின் பாலிபுரொப்பிலீன் இழைகளில் மின்னேற்றம் இருக்கும், அதுதான் தூசியை இழுத்துப் பிடிக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்தால் மின்னேற்றம் போய்விடும், வடிகட்டும் திறனும் சரிந்துவிடும்.

இதற்கென்று தனிப் பட்டம் தேடி அலைய வேண்டாம். இயந்திரவியல், வேதியியல், ஜவுளித் தொழில்நுட்பம், தொழில்சார் சுகாதாரம் என எதிலிருந்தும் வரலாம். ஆனால் ஏரோசால் இயற்பியல், அதாவது காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்ற படிப்பு, கட்டாயம். பெரிய துகள் இழையில் மோதிவிடும், மிகச் சிறியது தள்ளாடிப் போய் ஒட்டிக்கொள்ளும், இடைப்பட்ட அளவில் இருப்பதுதான் அதிகம் நழுவும் (மின்னேற்றமில்லாத வடிகட்டியில் சுமார் 0.3 மைக்ரான், என்95 போன்ற மின்னேற்ற வடிகட்டியில் 0.1 மைக்ரானுக்கும் கீழே). இதை விளக்கத் தெரியாமல் நேர்காணலுக்குப் போகாதீர்கள்.

அப்புறம் பொருத்தச் சோதனை, அதாவது கவசம் முகத்தோடு இடைவெளியில்லாமல் பொருந்துகிறதா என்று பார்ப்பது. வடிகட்டி எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் கன்னத்தோரம் இடைவெளி விட்டால் வீண், தாடி இருந்தாலும் அதே கதைதான். கருவி வைத்து அளக்கும்போது மூக்கையும் வாயையும் மட்டும் மூடும் அரை முகக்கவசத்துக்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா கேட்கும் குறைந்தபட்சப் பொருத்த எண் (வெளியே உள்ள துகள் அடர்த்தி உள்ளே இருப்பதைப் போல் எத்தனை மடங்கு என்ற கணக்கு) 100. என்னைக் கேட்டால், முகங்கள் இத்தனை விதமாக இருப்பதால் நல்ல ஆய்வுக் கேள்விகள் இங்கேதான் கொட்டிக் கிடக்கின்றன.

வேலைக்குச் சான்றளிப்புக் கூடங்களையும் தயாரிப்பு நிறுவனங்களையும் பாருங்கள். படிக்க, அமெரிக்க அரசின் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனமான நையோஷ் பிட்ஸ்பர்க்கில் வைத்திருக்கும் ஆய்வகத்தின் அறிக்கைகள் இலவசமாகவே கிடைக்கும், அங்கிருந்து தொடங்கலாம்.