படித்ததற்குக் கணக்குக் கேட்காதீர்கள்

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மாதம் இரண்டு புத்தகம் படிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்க மதிப்புரை எழுத வேண்டும் என்று ஒரு காலத்தில் விதி போட்டிருந்தேன். குறிப்பேடுகளைத் திருத்த உட்கார்ந்த முதல் நாள், “ஆசிரியர் எளிய நடையில் எழுதியுள்ளார். இந்நூல் அனைவரும் படித்துப் பயன்பெற வேண்டிய நூல்” என்ற வரிகளைப் பார்த்துத் திருப்தியுடன் கையெழுத்துப் போட்டேன். பதினொன்றாவது குறிப்பேட்டிலும் அதே இரண்டு வரி, ஓர் எழுத்துகூட மாறாமல். அந்தப் பையன் மதிப்புரைக்கு எடுத்துக்கொண்டிருந்த நூல், அகராதி.

கோபம்தான் முதலில் வந்தது. பிறகு யோசித்தபோது, அவன் என் விதியைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தான் என்று தோன்றியது. எனக்கு வேண்டியது ஒரு பக்கம், அதைக் கொடுத்துவிட்டான். உயர்நிலை வகுப்புகளில் வாசிப்பை வளர்க்கக் கிளம்பும் பெரியவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளைவிடுகின்றன. பிள்ளை படிக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் நமக்கு ஒரு ரசீது வேண்டியிருக்கிறது. படித்து முடித்ததும் சும்மா உட்கார்ந்து அந்தக் கதையை அசைபோட வேண்டிய நேரத்தில், ‘இதில் நான் கற்றுக்கொண்ட நீதி’ என்று எழுதப் பேனாவைத் தேடவைக்கிறோம். 2018இல் 79 நாடுகளில் 15 வயது மாணவர்களிடம் நடந்த பீசா (PISA) என்னும் பன்னாட்டுக் கல்வி ஆய்வில், ‘கட்டாயம் இருந்தால்தான் வாசிக்கிறேன்’ என்றவர்கள் வளர்ந்த நாடுகளின் சராசரியிலேயே ஏறத்தாழப் பாதிப் பேர். கட்டாயத்தைத்தான் நாமும் விடாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கட்டாயம் வேண்டாம் என்பவர்கள் அடுத்ததாகக் கையில் எடுப்பது பரிசு. பத்துப் புத்தகத்துக்கு ஒரு நட்சத்திரம், ஐம்பதுக்கு ஒரு சான்றிதழ். 1973இல் உளவியலாளர் மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் செய்த ஒரு சோதனை இந்த இடத்தில் நினைவுக்கு வரும். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களை வைத்தபோது, அந்தக் குழந்தைகள்தாம் குறைவாக வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. சின்னக் குழந்தைகள், அதுவும் வரைதல்; அதை அப்படியே பதினான்கு வயதுக்கும் வாசிப்புக்கும் பொருத்திவிட முடியாது. ஆனால் எண்ணிக்கைக்குப் பரிசு வைத்த வகுப்பில் அலமாரியின் ஒல்லியான புத்தகங்கள் மட்டும் காலியாவதை நான் பார்த்திருக்கிறேன்.

இவற்றைவிட ஆழமான தவறு ஒன்று உண்டு. ‘முடியவில்லை’ என்பதை ‘பிடிக்கவில்லை’ என்று எடுத்துக்கொள்வது.

பதின்மூன்று வயதுப் பையன் எழுத்துக்கூட்டிப் படிக்கிறான் என்று வகுப்புக்குத் தெரிந்தால் அவமானம்; ‘எனக்குப் புத்தகம் என்றாலே போர்’ என்று சொன்னால் கெத்து. எதைச் சொல்வான்? எட்டாம் வகுப்பில் ஒருவன் எப்போதும் தடிமனான சாகசக் கதையைத்தான் எடுப்பான், பக்கங்களும் ஒழுங்காகப் புரளும். ஒரு நாள் மதிய இடைவேளையில் அவனை மட்டும் தனியாக உட்காரவைத்து ஒரு பத்தியை வாசித்துக்காட்டச் சொன்னேன். நீளமான சொற்களில் முதல் இரண்டெழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்தான். வாக்கியத்தின் கடைசிக்கு வந்து சேர்வதற்குள் தொடக்கம் நினைவிலிருந்து நழுவியிருந்தது. யார் ஓடினார்கள் என்று கேட்டேன். “யாரோ” என்றான்.

துணையின்றி ஒரு கதையைப் படித்துப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் நூற்றுக்கு 98 தெரிந்திருக்க வேண்டும் என்பது அயல்மொழி வாசிப்பை ஆராய்ந்தவர்கள் சொல்லும் கணக்கு. 250 சொல் கொண்ட பக்கத்தில் ஐந்து சொல் தெரியாமல் போகலாம். நூற்றுக்கு 90தான் தெரியும் என்றால் பக்கத்துக்கு 25 இடத்தில் தடுக்கும். அப்படித் தடுக்கித் தடுக்கி 200 பக்கம் நடக்கிறவனிடம் போய் ‘வாசிப்பு இன்பம்’ என்று பேசுவது கொடுமை. அவனுக்கு வேண்டியது அறிவுரை அல்ல, தடுக்காத புத்தகம். அதற்காகக் குழந்தைகளின் படக்கதையைக் கையில் திணித்தால் அது வேறு அவமானம். மொழி எளிதாகவும் விஷயம் அவன் வயதுக்கு ஏற்றதாகவும் உள்ள நூலைத் தேட வேண்டும். தேடினால் கிடைக்கிறது, தேடுவதுதான் வேலை. ஒலிப்புத்தகத்தைக் கேட்டபடி கண்ணால் வரிகளைத் தொடர்வதும் உதவும்.

சத்தமாக வாசித்துக்காட்டுவதை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிடுவதும் இதோடு சேர்ந்ததே. நெடுநெடுவென்று வளர்ந்த பிள்ளைகளுக்குக் கதை படித்துச் சொல்ல நமக்கே கூச்சமாக இருக்கிறது. வகுப்பு முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு நாவலை எடுத்து நன்றாக வாசியுங்கள். ஆள் ஆபத்தில் மாட்டிக்கொள்ளும் இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். மறுநாளுக்குள் அந்தப் புத்தகத்தை யாராவது கேட்டு வருவார்கள்.

என்ன படிக்கிறார்கள் என்று மூக்கைச் சுளிப்பது இன்னொரு பழக்கம். பேய்க்கதை, துப்பறியும் கதை, காமிக்ஸ், விளையாட்டு வீரர்களின் வாழ்க்கை எல்லாம் ‘நல்ல நூல்’ பட்டியலில் வராது. நம்மில் பலர் எதைப் போர்வைக்குள் ஒளித்துவைத்துப் படித்து வாசகரானோம் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தால் போதும், இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

நூலக அலமாரிக்குப் பூட்டுப் போடுவதையும் சொல்ல வேண்டும். நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்ட எஸ். ஆர். ரங்கநாதன் முதல் விதியாகவே ‘நூல்கள் பயன்பாட்டுக்கே’ என்று வைத்தார். ஏறத்தாழ நூறாண்டாகியும், புத்தகம் கிழிந்துவிடும் என்று கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கிவைக்கும் பள்ளிகள் இருக்கின்றன. கிழியட்டுமே! அவருடைய அடுத்த இரண்டு விதிகள், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பவை. ஒரே நாவலை நாற்பது பேருக்கும் கொடுத்து வெள்ளிக்கிழமைக்குள் முடிக்கச் சொல்கிற இடத்தில் இந்த இரண்டும் அடிபட்டுப் போகின்றன.

எடுத்த புத்தகத்தை முடித்தே ஆக வேண்டும் என்று நிர்ப்பந்திப்பதும் வேண்டாம். முப்பது பக்கத்தில் பிடிக்காவிட்டால் வைத்துவிடலாம் என்று சொன்ன பிறகுதான் என் வகுப்பில் சிலர் தடிமனான நூல்களைத் தொடவே துணிந்தார்கள்.

மதிப்புரை விதியை அந்த ஆண்டே எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாகப் புத்தகத்தின் பின்னட்டைக்குள் ஒரு வெற்றுத்தாளை ஒட்டி, அடுத்து எடுப்பவருக்கு ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதலாம், விரும்பாவிட்டால் விட்டுவிடலாம் என்றேன். பல தாள்கள் வெறுமையாகவே திரும்பின. இரண்டு மாதம் கழித்து ஒன்றில் பென்சில் எழுத்து தெரிந்தது: “முதல் அத்தியாயம் நகராது. பொறுத்துக்கொள். கிணற்றுக்குள் இறங்கும் இடத்தை ராத்திரி படிக்காதே.” அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில், “படித்துவிட்டேன். தூங்கவில்லை.” இரண்டிலும் சேர்த்து மூன்று ஒற்றுப்பிழைகள் இருந்தன. சிவப்பு மையை மூடிவைத்துவிட்டேன்.