குழந்தையின் எம்ஆர்டி ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

ஏஎல்எல் ரத்தப் புற்றுக்கு முதல் மாத கீமோ முடிந்ததும் எலும்பு மஜ்ஜை எடுப்பார்கள். மைக்ராஸ்கோப்பில் பிளாஸ்ட் எனும் முதிராத செல்கள் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ‘ரெமிஷன்’ (நோய் அடங்கிய நிலை) என்று வரும். அதை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிட முடியாது. கண்ணுக்குத் தெரியாமல் கோடிக்கணக்கான புற்றுச் செல்கள் மிஞ்சியிருக்கலாம். அவற்றை அளப்பதுதான் எம்ஆர்டி, அதாவது மிஞ்சியிருக்கும் நோயின் அளவு.

மாதிரி சரியாக இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். ஊசியை முதலில் இழுக்கும்போது வரும் இரண்டு, மூன்று மில்லி எம்ஆர்டிக்குப் போக வேண்டும். அடுத்தடுத்து இழுப்பதில் ரத்தம் கலந்து, எண் பொய்யாகக் குறைந்துவிடும். மஜ்ஜை எடுக்கும் முன்பே டாக்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள். ‘ஹீமோடைல்யூட்டட்’ (ரத்தம் கலந்து நீர்த்துப்போனது) என்று ரிப்போர்ட்டில் இருந்தால், கீழே ‘நெகட்டிவ்’ என்று போட்டிருந்தாலும் மறுபடி எடுக்க வேண்டுமா என்று விசாரியுங்கள்.

அடுத்து, எத்தனை செல்களை எண்ணினார்கள் என்று பாருங்கள். பாசிட்டிவா நெகட்டிவா என்பதற்குப் பொதுவான எல்லைக்கோடு 0.01%, அதாவது 10,000 செல்லுக்கு ஒன்று. 50,000 செல்களை மட்டும் எண்ணினால் அந்த அளவில் ஐந்துதான் சிக்கும். அதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. 5 லட்சமாவது எண்ணியிருக்க வேண்டும்.

லேப் மாறினால் நோயைக் கண்டுபிடித்தபோது எடுத்த முதல் ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களின் அடையாளத்தைப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். கீமோவுக்குப் பின் புதிதாக முளைக்கும் நல்ல பி செல்களும் (ஒருவகை வெள்ளையணு) பிளாஸ்ட் போலவே தெரியும். பழைய அடையாளம் இல்லாவிட்டால் இரண்டையும் பிரிப்பது கஷ்டம்.

இனி எண்ணுக்கு வருவோம். அமெரிக்காவின் குழந்தைப் புற்றுநோய் ஆய்வுக் குழுவான சிஓஜி 2008இல் வெளியிட்ட ஆய்வில், முதல் மாத முடிவில் 0.01 சதவீதத்துக்குக் கீழே இருந்த குழந்தைகளில் 88% பேர் ஐந்து ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தார்கள், 0.01 முதல் 0.1% வரை இருந்தவர்களில் அது 59%தான். அவை பழைய சிகிச்சைமுறையின் கணக்கு. இன்று பாசிட்டிவ் வந்தால் கீமோவைத் தீவிரமாக்குவார்கள், சிலருக்கு பிளினாடுமோமாப் எனும் நோயெதிர்ப்பு மருந்து அல்லது மஜ்ஜை மாற்று பற்றிப் பேசுவார்கள். மூன்றாம் மாத வாக்கில் மறுபடி அளந்து, அப்போதும் மிஞ்சியிருந்தால்தான் கவலை கூடும்.

வயது, ஆரம்ப வெள்ளையணு எண்ணிக்கை (50,000க்கு மேலா), பிலடெல்ஃபியா குரோமோசோம் (புற்றுச் செல்லில் காணப்படும் ஒரு மரபணு மாற்றம்) உண்டா என்பவற்றையும் சேர்த்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார்.

நெகட்டிவ் வந்ததும் சில வீடுகளில் மெர்காப்டோப்யூரின் எனும் கீமோ மாத்திரையில் அசட்டை வந்துவிடும். பராமரிப்புக் கட்டத்தில் மாத்திரை அடிக்கடி தவறினால் நோய் திரும்பும் ஆபத்து கூடும். காலண்டரில் தினமும் குறித்துவையுங்கள்.